பூட்டின பங்கும் பொடிக்கொசுவும்

பொடிக்கொசுவுக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எங்கே போய் உட்காருகிறது? பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. மருந்துப் பெயரைக் கேட்டால் இந்த ஆள் குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று போனை வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது, வேறு வழியில்லை. வீட்டுக்குள் பறக்கிற பொடி ஜந்து எல்லாம் ஒரே இனம் கிடையாது. பழத்தில் பிறப்பது ஒன்று, சாக்கடைக் குழாய்ப் பாசியில் பிறப்பது ஒன்று, செடித்தொட்டி மண்ணில் பிறப்பது ஒன்று, ஊருணிச் சேற்றில் பிறந்து விளக்கைத் தேடி வருவது ஒன்று. பறப்பதை அடித்துக்கொண்டே இருந்தால் கைதான் வலிக்கும். பிறக்கிற இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்த இடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. செட்டிநாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஓர் ஊரில் இருக்கிறது. முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றின வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்குப் பின்னால் கிணறு, தோட்டம் என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வழக்கமான நீள வீடு. கட்டியவர் ஒருவர், இப்போது எட்டுப் பங்கு. எங்களைத் தவிர மற்றவர்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கும் வருவார்கள், அவரவர் அறையைத் திறப்பார்கள், போகும்போது பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். நான் சென்னையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை முடித்துக்கொண்டு ஆத்தாவோடு இங்கேயே வந்துவிட்டேன். இவ்வளவு பெரிய வீட்டில் மனுஷர் இரண்டு பேர்தான். மிச்ச இடமெல்லாம் பல்லி, வௌவால், பூச்சி வகையறாவுக்கு.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். பழ ஈ. படைப்பு முடிந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். மிச்ச வாழைத்தார் இரண்டாம் கட்டில் கயிற்றில் தொங்கும். முதலில் நாலைந்து சுற்றும். அப்புறம் சீப்பைத் தொட்டால் குபீரென்று ஒரு கூட்டம் எழும்பும். வாயை மூடிக்கொண்டுதான் பழம் பறிக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் உடம்பு மஞ்சள் கலந்த பழுப்பு, கண் நல்ல சிவப்பு. அந்தச் சிவப்புக் கண்ணைப் பார்த்துவிட்டால் பழ ஈ என்று முடிவு கட்டிவிடலாம்.

"பழத்தோடயே வந்துருதுப்பா, நாம என்ன செய்ய?" என்பது ஆத்தா கட்சி. அதில் உண்மை இருக்கிறது. தோல் வெடித்த பழத்திலும் காம்பு கசிந்த இடத்திலும் கடையிலேயே முட்டை வைத்திருக்கும். ஒரு பெட்டை ஈ தன் ஆயுளுக்குள் சில நூறு முட்டை இடும். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக மாற ஏறத்தாழ 10 நாள் ஆகும். நம் ஊர்ச் சூட்டுக்கு அதைவிடச் சீக்கிரம். அதனால்தான் நேற்று ஒன்றும் இல்லையே, இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தோன்றுகிறது. வந்தது நேற்று இல்லை, போன வாரம்.

தார் வந்ததும் சீப்பு சீப்பாக வெட்டிக் கழுவித் துடைத்து வைப்போம். வெடித்த பழத்தை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் மாட்டுக்கு. மிச்சம் பறந்துகொண்டிருப்பதற்குப் பொறி: ஒரு கண்ணாடி டம்ளரில் நன்றாகக் கனிந்து கறுத்த பழத்தில் ஒரு துண்டு, அது மூழ்குமளவு வினிகர், பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு ஒரு சொட்டு. செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் சின்னத் துளை விட்டு, டம்ளர் வாயில் சொருகிவிட வேண்டும். புளித்த வாடைக்கு உள்ளே இறங்கும், திரும்பி வர வழி தெரியாது. சோப்பு எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் ஈ தண்ணீர் மேல் நின்றுகொண்டு தாராளமாகக் குடித்துவிட்டுப் போகும். சோப்பு கலந்த நீரில் கால் ஊன்ற முடியாது, மூழ்கிவிடும்.

டம்ளரைத் தரையில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. வினிகர் கொட்டினால் பளபளப்பு போய் அந்த இடம் மட்டும் வெளிறிவிடும், எத்தனை எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் திரும்பாது. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். பொடிக்கொசு நாலு நாளில் போய்விடும், தரையில் விழுந்த வட்டம் பேரன் காலம்வரை இருக்கும்.

பொறியில் செத்து மிதப்பதைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கவும் கூடாது. தார் தீர்ந்த பிறகும் ஈ சுற்றினால் வீட்டில் வேறெங்கோ ஏதோ புளிக்கிறது. எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் வெங்காயக் கூடை. மேலே எல்லாம் நன்றாக இருக்கும், அடியில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு அழுகிக் கூழாகி, கூடையின் நாரில் ஊறிப்போய் இருக்கும். அதை எடுத்துப் போட்டுக் கூடையை வெயிலில் காயவைத்தால் தீர்ந்தது. காலி ஜூஸ் பாட்டில், பிழியாமல் சுருட்டி வைத்த ஈரத் துடைப்பத் துணி, குப்பைக் கூடையின் மூடி இடுக்கு, இவற்றையும் பாருங்கள்.

ஆத்தாவிடம் ஒருநாள் சொன்னேன், இந்த ஈயை வைத்து ஆராய்ச்சி பண்ணித்தான் தாமஸ் ஹன்ட் மோர்கன் என்ற அமெரிக்கர் 1933-இல் நோபல் பரிசு வாங்கினார், 2017-இல் மறுபடியும் மூன்று பேருக்கு இதனாலேயே கிடைத்தது என்று. "அப்ப அவுக வீட்டுக்கே அனுப்பிவிடு" என்றார்கள்.

அடுத்தது கண் ஈ. முகப்புத் திண்ணையில் பகலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இமைக்குப் பக்கத்திலேயே சுற்றும், விரட்டினால் போய்விட்டு அதே நொடியில் வரும். கண்ணீர், வேர்வை, புண்ணில் வடிகிற நீர் இதெல்லாம்தான் இதற்குச் சாப்பாடு. தெரு நாய் படுத்திருந்தால் அதன் கண்ணோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடிக்காது. ஆனால் ஒருவர் கண்ணில் இருந்துவிட்டு அடுத்தவர் கண்ணுக்குப் போவதால் கண் நோயைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். மெட்ராஸ் ஐ பரவுகிற நேரத்தில் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது.

இதை ஒழிக்க வழி தெரியாமல் இருந்தவனுக்கு வழி காட்டியது ஒரு பழைய கயிறு. எங்கள் பின்கட்டில், எப்போதோ தொட்டில் கட்டின கொக்கியிலிருந்து, மிச்சக் கயிறு ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் விளக்குப் போடப் போனபோது அது வழக்கத்தைவிடத் தடிமனாகத் தெரிந்தது. கிட்டப் போய் டார்ச் அடித்தேன். கயிறு தெரியவே இல்லை. கருகமணி கோத்த மாதிரி, மேலிருந்து கீழ்வரை இடைவெளி விடாமல் பொடி ஈக்கள். ஒன்றின் மேல் ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில், எல்லாம் அசையாமல். கையால் கயிற்றை லேசாகத் தட்டினேன். ஒரு புகை மாதிரி எழும்பி, அரை நிமிஷத்தில் அதே கயிற்றுக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்திலேயே அகலமான தூண் இருக்கிறது, சுவர் இருக்கிறது. அங்கே ஒன்றுகூட இல்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இந்தியாவில் கண்ணைச் சுற்றுகிற இந்த ஈக்குச் சைஃபன்குலினா ஃபுனிகோலா என்று பெயர். தொங்குகிற கயிறு, வயர், ஒட்டடை நூல், காய்ந்த கொடி இவற்றில்தான் கூட்டமாக அடையும். நம் வீடுகளில் தொங்குகிற சாமானுக்கா பஞ்சம்? பழைய மின்சார வயர், பந்தல்காரர் விட்டுப்போன சணல், போன வருஷத்து மாவிலைத் தோரணத்தின் நூல், மெத்தைப் படிக்கட்டில் ஆள் உயரத்துக்கு ஒட்டடை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்து இறக்கினோம். ஒட்டடைக்கம்பு போட உயரம் பத்தவில்லை, வளவுத் தூண் உச்சிக்கு வெள்ளையடிக்கிற அண்ணனின் ஏணியை வாங்கி வந்தோம். அந்தத் தொட்டில் கயிற்றை மட்டும் அறுக்காமல் விட்டேன். மற்ற இடம் எல்லாம் போனதால் மிச்ச ஈ மொத்தமும் அதில் வந்து அடைந்தது. நன்றாக இருட்டிய பிறகு, சோப்புத் தண்ணீர் நிறைந்த வாளியைக் கீழிருந்து தூக்கிக் கயிறு முழுவதையும் முக்கினேன். அந்த நேரத்தில் அது பறக்க யோசிக்கும். வாளித் தண்ணீர் கறுத்துவிட்டது.

முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கழிவு ஊறின ஈர மண்ணிலும் மட்குகிற குப்பையிலும்தான் இது முட்டை வைக்கும். பக்கத்து மனையில் மாட்டுக் கொட்டில் இருக்கிறது, அதைப் போய் நான் காலி பண்ணச் சொல்ல முடியுமா? நம் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழை அடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டேன், எருக்குழியை மண் போட்டு மூடினேன். இப்போது திண்ணையில் பேப்பர் படிக்க முடிகிறது. அது போதும்.

செடித்தொட்டிப் பொடிக்கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து கருப்பாக, மெலிந்த காலோடு எழும்பிப் பறப்பது இது. கோகோபீட் என்கிற தேங்காய்நார்த் தூள் போட்ட தொட்டியிலும், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுகிற தொட்டியிலும்தான் அதிகம். புழு மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கும். சந்தேகம் என்றால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மண்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி உடம்பும் கருப்புத் தலையுமாக நெளியும். மருந்து, தண்ணீரைக் குறைப்பதுதான். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். மேலே ஒரு விரல் கனத்துக்கு ஆற்று மணல் பரப்பினால் முட்டை வைக்க ஈரம் கிடைக்காது. மஞ்சள் ஒட்டும் அட்டை நர்சரியில் கிடைக்கும், பறப்பது அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிடிஐ என்று ஒரு பாக்டீரியாப் பொடி இருக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது, கொசுப்புழுவுக்கும் அதையே போடுகிறார்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புழுவின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். நமக்கும் மண்புழுவுக்கும் ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்ற ஆத்தாவின் பழக்கத்தை நிறுத்தியதுதான் சிரமம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்த பிறகு வருவது வேறு ரகம். பொழுது சாயும்போது தலைக்கு மேல் தூணாகச் சுழலும், இருட்டினால் டியூப்லைட்டைச் சுற்றும், காலையில் முகப்பில் கூட்டிப் பெருக்கினால் முறத்தில் அள்ளலாம். பார்க்க அச்சு அசல் கொசு. அதனால் எல்லோரும் பயந்து கதவைச் சாத்துகிறார்கள். இதற்குக் கடிக்கிற வாயே கிடையாது. குளத்தடிச் சேற்றில் சிவப்புப் புழுவாக வளரும். மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் தீனியாகப் போடுவார்களே, அந்தச் சிவப்புப் புழுதான். ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்த நிறம். இறக்கை முளைத்த பிறகு சில நாள்தான் உயிர். இதற்காக ஊருணியில் மருந்து ஊற்ற வேண்டும் என்று ஒருவர் கிளம்பினார். மீனும் தட்டானும் தின்று வளர்கிற தீனி அது, கையை வைக்காதீர்கள் என்று ஊரே சொல்லி நிறுத்தினோம். நான் செய்தது, முகப்பு வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்இடி போட்டது மட்டும். மழைக்காலத்தில் அதையும் சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிடுவோம்.

வளவு வாசலில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதில் பிறப்பது பொடிக்கொசு இல்லை, நிஜக் கொசு. வாயில் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

புகை, ஸ்ப்ரே பற்றிக் கேட்பார்கள். சாம்பிராணியோடு காய்ந்த வேப்பிலை போட்டுப் புகை காட்டினால் அந்த நேரத்துக்கு எல்லாம் விலகும், வீடும் மணமாக இருக்கும். எனக்குப் பிடிக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறோம். ஆனால் வெங்காயக் கூடையின் அடியில் இருக்கிற புழுவுக்கு அது எட்டாது. மின்சார மட்டையால் அடிப்பது பொழுதுபோக்கு. ஸ்ப்ரே அடித்தால் பறப்பது சாகும், மறுநாள் அடுத்த ஜோடி வரும். சாப்பாட்டுச் சாமான் இருக்கிற அடுப்படியில் அதை அடிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

சரி, இப்போது சாவிக் கதை.

இரண்டாம் கட்டுக் குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்காரும். பொடி விட்டில் என்று சொல்லலாம், இறக்கை முழுக்க ரோமம். நன்றாகப் பறக்கத் தெரியாது, ஒரு சாண் தாவி மறுபடி உட்கார்ந்துவிடும். விரலால் அழுத்தினால் சுண்ணாம்புச் சுவரில் ஒரு சாம்பல் கோடு மட்டும் மிஞ்சும். இது சாக்கடை ஈ. குழாயின் உள்சுவரில் சோப்பும் முடியும் அழுக்கும் சேர்ந்து வழவழவென்று ஒரு பாசி படியுமே, அதில்தான் இதன் குடும்பம் நடக்கிறது. ஆசிட்டோ பிளீச்சிங் தண்ணீரோ ஊற்றினால் அந்தப் பாசிமேல் வழிந்து ஓடிவிடும், உள்ளே புதைந்திருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆத்தங்குடிக் கல் போட்ட வீட்டில் ஆசிட் பாட்டிலே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே குழியில் போடவே போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்தின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பாசியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நீளமான குழாய் பிரஷை விட்டுச் சுற்றித் தேய்த்து, வாஷிங் சோடா போட்டு, சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். பிவிசி குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இளகிவிடும், கை பொறுக்காத சூடு இருந்தால் போதும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை செய்தால், முட்டையாக இருந்தது ஈயாவதற்குள் அதையும் பிடித்துவிடலாம். இதையெல்லாம் செய்தேன். குளியலறை, அடுப்படி சிங்க், பாத்திரம் கழுவுகிற அங்கணம், ஒன்று விடவில்லை. ஆனாலும் சாம்பல் பூச்சி குறையவில்லை.

எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் ஜல்லடை மூடியின் மேல், காற்றுப் போக ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அகல செலோடேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டிவிட வேண்டும். உள்ளேயிருந்து வெளியே வருவது அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பங்கில் எல்லா டேப்பும் சுத்தம். அப்போது வேறு எங்கே?

அன்றைக்கு மத்தியானம் தரை துடைக்க வந்த அக்காதான் சொன்னார்: "இங்க பாருங்கண்ணே, அந்தப் பூட்டின கதவுக்கு அடியில இருந்துல்ல நடந்து வருது." குனிந்து பார்த்தேன். பக்கத்துப் பங்கு அறை. கதவுக்கும் படிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதிலிருந்து ஒன்று வெளியே வந்து, கொஞ்ச நேரம் யோசித்து, எங்கள் சுவரில் ஏறியது. அந்த அறைக்குள் பிற்காலத்தில் தடுப்பு வைத்து ஒரு பாத்ரூம் கட்டியிருந்தார்கள், அது என் நினைவிலேயே இல்லை.

அறை கோவையில் இருக்கிற பெரியப்பா மகனுடையது. போன் போட்டேன்.

"அண்ணே, உங்க பங்கு பாத்ரூமைத் திறக்கணும். பொடிக்கொசு வருது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பொடிக்கொசுவுக்கா தம்பி?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பங்கு வீட்டில் ஒருவர் அறையை இன்னொருவர் திறப்பது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை வழக்கு இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். உள்ளே பீரோவில் என்ன இருக்கிறது, யார் பார்த்தார்கள், அப்புறம் ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது? அண்ணி வாங்கிப் பேசினார். பிறகு அண்ணி இல்லாதபோது அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் ஆத்தா போனை வாங்கி, "ஏப்பா, உன் சாமானுக்கு நான் காவல். பூச்சிக்கு யாரு காவல்?" என்று கேட்ட பிறகுதான் சாவி கூரியரில் வந்தது. ஒரு நிபந்தனை, திறக்கும்போது வீடியோ காலில் அவர்கள் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். ஜன்னலின் பச்சைக் கண்ணாடிக்குக் கீழே, பர்மாத் தேக்குப் படியில், செத்த பூச்சி ஒரு வரிசை சாம்பலாகக் குவிந்து கிடந்தது. வெளிச்சத்தைத் தேடி வந்து அங்கேயே முடிந்துபோனவை. பாத்ரூம் சுவரில் உயிரோடு இருந்தவை கண்ணாடிக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. போனில் அண்ணி "அய்யய்யே" என்றார். அதன் பிறகு யாரும் பீரோவைப் பற்றிப் பேசவில்லை.

பிளம்பர் தம்பி வந்து, தரைத் தண்ணீர் இறங்குகிற வளைகுழாயான நஹானி டிராப்பின் ஜல்லடையைத் தூக்கி டார்ச் அடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "வாட்டர் சீல் போயிருச்சுண்ணே" என்றார். டிராப்பின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு. யாரும் குளிக்காத பாத்ரூமில் அது மெல்ல ஆவியாகிக் காய்ந்துவிடும், நம் கோடைக்கு இன்னும் சீக்கிரம். காய்ந்த பிறகு குழாய் முழுக்கத் திறந்த வழிதான். அவர்கள் குழாய் எங்கள் குழாயோடு பின்கட்டில் சேர்கிறது. அங்கே படிந்த பாசியில் பிறந்தது, எங்கள் பக்கம் தண்ணீர் நின்றதால், காய்ந்துபோன அண்ணன் பங்கு வழியாக ஏறி, கதவடியில் நுழைந்து எங்களிடம் வந்திருக்கிறது.

சேர்கிற இடத்துத் தொட்டி மூடியைத் திறந்து பாசியை வழித்தோம். அண்ணன் பங்கின் குழாயைப் பிரஷ் விட்டுத் தேய்த்தோம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டேன். எண்ணெய் படலம் மேலே நின்றால் தண்ணீர் சட்டென்று ஆவியாகாது. கடைசியாக ஜல்லடைமேல் ஒரு ஓட்டுக் கல். பதினைந்து இருபது நாளில் சுவர் சுத்தமானது. ஆறு மாதம் ஒரு வருஷம் என்று வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து கிளம்பும்போது எல்லா பாத்ரூமிலும் இதைச் செய்துவிட்டுப் போங்கள். வாட்ச்மேன் இருந்தால் மாதம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மேல்மாடி பாத்ரூமையும் சேர்த்து.

அண்ணன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, "நீயே வச்சுக்க தம்பி" என்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்டு மற்ற பங்காளிகளும் ஒவ்வொருவராக ஒரு சாவி அனுப்பிவைத்தார்கள். இன்னும் வராதது சிங்கப்பூர்ப் பங்கு மட்டும். அடுத்த படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த அறையிலும் ஒரு பாத்ரூம் உண்டு. படைப்புக்கு இன்னும் நாள் இருப்பதால், அந்தக் கதவடியில் பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டித் திணித்து, ஓரமெல்லாம் செலோடேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் எடுத்துப் பார்த்ததில் டேப்பில் மூன்று ஒட்டியிருந்தன. போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. நீல டிக் வந்துவிட்டது.